கோடு விழாத பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபியை ஒரு வாய்தான் குடித்திருப்பேன். காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கையில் நீளமான ரிஜிஸ்டர், சட்டைப் பையில் இரண்டு பேனா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். தண்ணீர் லாரிக்குப் போன் போடுவது, லிஃப்ட் மெக்கானிக்கைத் துரத்துவது, வாட்ச்மேன் லீவு போட்டால் கேட்டைப் பூட்டுவது எல்லாம் அவர்தான். அவர் மட்டும் இல்லையென்றால் மதுரையில் எங்கள் கட்டடம் ஒரு வாரம் தாங்காது. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

"ஒரு கையெழுத்து சார். மொட்டை மாடியைப் பூட்டி வைக்கிறதுன்னு தீர்மானம். பசங்க மேல ஏறிக் கூத்தடிக்கிறாங்க. ஏகமனதா நிறைவேறிடுச்சு."

"நான் இன்னும் போடவே இல்லையே. அதுக்குள்ள எப்படி ஏகமனது?"

"அதான் இப்பப் போடப் போறீங்களே."

இதற்கு மேல் என்ன பேச? போட்டேன். ரிஜிஸ்டரை வாங்கிக்கொள்வார் என்று பார்த்தால், விரலை இரண்டு வரி கீழே நகர்த்தினார்.

"அப்படியே 3-பி-க்கும் நீங்களே போட்டுருங்க சார். லலிதா டீச்சர் கோயம்புத்தூர்ல மக வீட்ல இருக்காங்க. அவங்க என்ன வேண்டாம்னா சொல்லப் போறாங்க? வழக்கம்தானே..."

வழக்கம்தான். பேனாவும் அந்தக் கட்டத்துக்கு மேலே போய்விட்டது. ஆனால் இறங்கவில்லை. "நீங்க ரிஜிஸ்டரை வச்சுட்டுப் போங்க, சாயங்காலம் நானே கொண்டு வந்து தர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனிதர் முகத்தில் லேசான ஆச்சரியம்.

பேனாவை நிறுத்தியது நான் இல்லை. காளியம்மாள்.

யார் அது? சொல்கிறேன். அதற்கு நீங்கள் என்னோடு கொஞ்ச தூரம் வரவேண்டும் – அருப்புக்கோட்டை தாண்டி, பரளச்சி தாண்டி, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செருப்போடு கரிசல் மண் ஒட்டிக்கொள்ளும் ஒரு கிராமத்துக்கு. பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் சிலர் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள், சங்கடப்படுவார்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது. அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். பொத்தானை அமுக்கும் மெஷினெல்லாம் வராத காலம். சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, இரும்புப் பெட்டியில் போட வேண்டும். தேர்தல் வந்தது, எனக்கு ஆர்டரும் வந்தது. வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலர். கேட்பதற்குக் கலெக்டர் உத்தியோகம் மாதிரி இருந்தாலும், கையில் ஒரு சாக்குப்பை, ஒரு பெட்டி, ஒரு கையேடு. அவ்வளவுதான் அதிகாரம்.

அந்தக் கையேட்டைப் படித்துப் படித்து எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அந்தப் பரபரப்பில் ஒரு காரியத்தைக் கோட்டை விட்டேன். தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் தபாலில் ஓட்டுப் போட முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் இல்லையா? நான் தாமதமாகக் கொடுத்தேன். சீட்டு வரவில்லை. ஊருக்கெல்லாம் ஓட்டு வாங்கப் போகிறவனுக்கு ஓட்டு இல்லை. சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறும்போது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

என்னோடு வந்தவர்களில் தங்கராஜை மட்டும் சொன்னால் போதும். மல்லாங்கிணறுக்காரர், ஓர் ஆபீசில் கிளார்க். இந்த வேலைக்குப் பலமுறை வந்து பழகியவர். வாக்காளர் பட்டியல் அவர் பொறுப்பு. யார் ஓட்டுப் போட்டாலும் அவர் பெயருக்கு அடியில் ஒரு கோடு போடுவார். கோடு விழுந்தால் ஓட்டு விழுந்தது என்று கணக்கு.

இரண்டு வகுப்பறை உள்ள பள்ளிக்கூடம். வாசலில் ஒரு வேப்பமரம். காலையில் கட்சிக்கு ஒருவராக இரண்டு ஏஜெண்டுகள் வந்தார்கள். ஒருவர் ராமசாமி, மானாவாரியில் பருத்தி போடுகிறவர். மற்றவர் முத்துவேல், அவருக்கும் நாலு ஏக்கர் கரிசல், மிளகாயும் கம்பும். எதிரெதிர்க் கட்சிகள். மேடை போட்டால் ஒருவர் கட்சியை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஆனால் முத்துவேலின் சம்சாரம் ராமசாமியின் கூடப்பிறந்த தங்கை. அதனால் மத்தியானம் இரண்டு கட்சிகளுக்கும் சேர்த்து ஒரே தூக்குவாளி வந்தது. புளிக்குழம்பும் வறுத்த கருவாடும்.

"சாரும் ஒரு வாய் சாப்புடுங்க" என்றார் ராமசாமி.

"ஏஜெண்டுகள்ட்ட நான் எதுவும் வாங்கக் கூடாதுங்க."

"கருவாட்டுக்குக் கச்சி கெடையாது சார்."

நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையைச் சாப்பிட்டேன். கருவாட்டு வாசம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. விதி என்றால் சும்மாவா?

காலையில் நான் பார்த்த இன்னொரு காட்சி. கட்சித் துண்டு போட்டுக்கொண்டு ஓர் ஆள் வரிசையில் நின்றார், முத்துவேல் கட்சிக்காரர். நான் எழுந்திருப்பதற்கு முன்பே முத்துவேல் எழுந்து போனார். "ஏலே, துண்ட மரத்துல போட்டுட்டு வா. உள்ள ஓட்டுப் போட வந்தியா, மாநாட்டுக்கு வந்தியா?" அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போய் வேப்பமரத்துக் கிளையில் துண்டைத் தொங்கவிட்டார். அதைப் பார்த்து ராமசாமி ஆட்களும் தங்கள் துண்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் ஒரே கிளையில் இரண்டு கட்சித் துண்டுகளும் தொங்கின. திரும்பிப் போகும்போது அவரவர் துண்டை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள், ஒன்றும் மாறவில்லை.

தொண்டர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று இப்போது தலைவர்கள் மைக் பிடித்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கப் போகும் கூட்டம் ரோட்டை மறித்து, ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டுப் போகிறது... எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வரும். இப்படி ஏங்குவது வயதாகிவிட்டதன் அடையாளம் என்கிறாள் என் மனைவி. இருக்கட்டுமே.

ஆனால், கொஞ்சம் பொறுங்கள். அந்த நாளை முழுசாகச் சொல்லாமல் பாதியில் நிறுத்தினால் அது பொய்யாகிவிடும்.

மூன்று மணி. கூட்டம் வடிந்துவிட்டது. அறைக்குள் வெயில் நீளமாக விழுந்து கிடந்தது. ராமசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்பச் சார், மிச்சத்தப் பிரிச்சுருவமா?"

"எந்த மிச்சம்?"

முத்துவேல் பனியனுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். நோட்டில் கிழித்த தாள். அழகான கையெழுத்தில் முப்பத்தொரு பெயர்கள். திருப்பூர் போனவர்கள், கேரளா போனவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்துக்குப் போனவர்கள். இன்றைக்கு ஊரில் இல்லாத ஆட்களின் பட்டியல். இருவரும் உட்கார்ந்து சேர்ந்தே எழுதியிருக்கிறார்கள்.

"முப்பத்தொண்ணு இருக்கு சார். மச்சானுக்குப் பதினஞ்சு, எனக்குப் பதினஞ்சு. நீங்க சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நாங்க குத்திப் போட்டுருவோம். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, விளையாடுகிறார்களோ என்று பார்த்தேன். இல்லை. இரண்டு பேர் முகத்திலும் களங்கமே கிடையாது. பொங்கலுக்குக் கரும்பைப் பங்கு வைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"இது தப்புங்க" என்றேன்.

"தப்பா? சார், நீங்க ஊருக்குப் புதுசு" என்றார் முத்துவேல் பொறுமையாக. "முன்னாடி ஒருக்க, இல்லாத ஆளுக ஓட்ட அவுக போட்டாகளா, இவுக போட்டாகளான்னு சண்டையாகி இந்த வாசல்லயே நாலு பேரு மண்ட ஒடஞ்சுச்சு. ஆஸ்பத்திரி, போலீசு, கேசு. அப்புறந்தான் ரெண்டு கச்சியும் உக்காந்து பேசி முடிவு பண்ணோம். இல்லாத ஆளுக ஓட்டு பொதுவு. பப்பாதி. அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒரு மண்டையும் ஒடையல."

பார்த்தீர்களா சிக்கலை? திருட்டுதான். ஆனால் சண்டையை நிறுத்துவதற்காக, ஊர் கூடி, எழுதி வைத்து, துளி வஞ்சகம் இல்லாமல் செய்கிற திருட்டு. இப்படி ஒரு நிலைமைக்குக் கையேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

"முப்பத்தொண்ணுல முப்பது போச்சு. மிச்சம் ஒண்ணு இருக்குல்ல, அத என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கணக்கு வாத்தியார் புத்தி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ராமசாமிதான் சொன்னார்.

"அது உங்களுக்கு சார். நீங்க யாருக்கு வேணும்னாலும் குத்திக்கங்க. நாங்க திரும்பிக்கிறோம். உங்களுக்குத்தான் இந்தத் தடவ ஓட்டு இல்லைன்னு தங்கராஜ் சார் சொன்னாரே."

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நொடி சபலம் தட்டியது. எனக்குப் போக வேண்டிய ஓட்டு எங்கோ தவறிப் போனது, அது இங்கே வந்து காத்திருக்கிறது... அப்படிக்கூட மனசு வக்கீல் வேலை பார்த்தது. ஓட்டு இல்லாதவன் தவிப்பு அந்த மாதிரி. தாளில் கடைசிப் பெயரைப் பார்த்தேன். என் பங்குக்கு வந்த பெயர்.

காளியம்மாள்.

"இவங்க யாரு?"

"அது கமுதிப் பக்கம் கரிமூட்டத்துல கெடக்கு சார். சீமக்கருவேலத்த வெட்டி மூட்டம் போடுறாகள்ல, அந்த வேலைக்கு. அது எங்க வரப்போகுது" என்றார் முத்துவேல்.

"போன தடவ வந்துச்சே மாப்ள" என்றார் ராமசாமி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது போல வாயை மூடிக்கொண்டார்.

நான் விடவில்லை. கேட்டேன். மெல்ல மெல்ல வெளியே வந்தது. போன தேர்தலில் காளியம்மாள் நாலரை மணிக்கு வந்திருக்கிறார். அதற்குள் பங்கு பிரித்தாகிவிட்டது. பெயரில் கோடு விழுந்துவிட்டது. நான் போடவே இல்லையே என்று அந்த அம்மா கையை நீட்டியிருக்கிறார். கரிமூட்ட வேலை செய்கிற கை. பத்து விரலும் கறுப்பு. "விரலப் பாரு, எவ்வளவு மை வச்சிருக்கு, நீதான் போட்டுட்டுப் போயிட்ட" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்திருக்கிறது. அந்தம்மா அடுத்த பஸ்ஸுக்குப் போய் நின்றுவிட்டார்.

ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட்டுவிட்டால், வந்து நிற்கிற நிஜ ஆளுக்குத் தனியாக ஒரு சீட்டுக் கொடுத்து உறையில் வைக்க வேண்டும் என்று கையேட்டில் வழி இருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"சிரிச்சது நானுந்தான் சார்" என்றார் ராமசாமி. வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

தங்கராஜ் என் பக்கம் குனிந்தார். "ஒத்துப் போயிருங்க சார். பொழுதுக்குள்ள பெட்டியோட நல்லபடியா வீடு போய்ச் சேரணும். இவுக ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லும்போது யாரு கேக்கப் போறா?"

அதுதான் விஷயம். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஒருவர் எதிர்த்தால் எனக்குப் பலம். எல்லாரும் ஒற்றுமையாக இருந்தால் நான் யார் பக்கம் போய் நிற்பது?

நான் வீரன் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. அந்தப் பத்துக் கறுப்பு விரல்கள் பாதி. "ஒரு சீட்டுலகூடக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

முத்துவேல் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தாளை மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஊரு ஒத்துமையக் கெடுத்துட்டீகளே சார். நாளைக்கு எங்களுக்குள்ள அடி விழுந்தா நீங்களா வந்து பஞ்சாயத்துப் பேசுவீக?"



நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காளியம்மாள் வர வேண்டும். எப்படியாவது வர வேண்டும். வந்தால் நான் செய்தது சரி. வராவிட்டால், யாருக்கும் பயன்படாமல் ஓர் ஊரின் சமாதானத்தைக் கெடுத்தவன் நான். நாலரைக்கு வீரசோழன் வழியாக ஒரு பஸ் வர வேண்டும் என்று சொன்னார்கள். நாலரை ஆனது. நாலே முக்காலும் ஆனது. பஸ்ஸைக் காணோம்.

ஐந்து மணிக்கு வெளியே போனேன். வரிசையில் யாராவது நின்றால், கடைசி ஆளிடமிருந்து தொடங்கிச் சீட்டுக் கொடுத்துக்கொண்டே முன்னால் வர வேண்டும். அவர்களுக்குப் பின்னால் புதிதாக யாரும் வந்து சேர முடியாது. அருமையான ஏற்பாடு. ஆனால் வரிசையே இல்லை. வேப்பமரம், அதில் ஏஜெண்டுகள் இருவரின் துண்டு, ஓர் ஆடு. நேரம் முடிந்தது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பெட்டியின் வாயை மூடிக்கொண்டிருந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது.

ஓடி வருகிற காலடி. கதவைத் தட்டும் சத்தம். திறந்தேன். மூச்சு வாங்க நின்றார். நாற்பது வயது இருக்கும். குளித்து, தலை சீவி, நல்ல சேலை கட்டியிருந்தார். விரல்களை மட்டும் எவ்வளவு தேய்த்தும் கறுப்பு விடவில்லை.

"சார்... பஸ்ஸு டயரு பஞ்சராயிருச்சு சார்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி ஆறு நிமிஷம்.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. முத்துவேல் எழுந்தார். ராமசாமியும் எழுந்தார்.

"சார், போடட்டும் சார். ஆறு நிமிசந்தான" என்றார் முத்துவேல். "அஞ்சுக்கு முன்னாடியே வந்திருச்சுன்னு நாங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுக்குறோம்."

"ஒருத்தரும் ஆச்சேபனை சொல்ல மாட்டோம்" என்றார் ராமசாமி.

போன தடவை சிரித்தவர்கள், இரண்டு மணி நேரத்துக்கு முன்பு இந்த அம்மாவின் ஓட்டை எனக்கு இனாமாகக் கொடுத்தவர்கள், இப்போது அவருக்காகக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். என் மனசும் கெஞ்சியது. ஆறு நிமிஷம்... அதுவும் அவருக்காகத்தானே இவ்வளவும்?

ஆனால் மூன்று மணிக்குச் சொன்ன அதே சொல்லை ஐந்து மணிக்கும் சொல்லாவிட்டால், மூன்று மணிக்குச் சொன்னதற்கு என்ன மதிப்பு? எனக்குப் பிடிக்காதபோது விதி, பிடித்தபோது இரக்கம் என்றால், அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிற முத்துவேலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"நேரம் முடிஞ்சிருச்சும்மா" என்றேன். சரியாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. எட்டி, உள்ளே மேசையில் கிடந்த பட்டியலைப் பார்த்தார்.

"ஏம் பேருல கோடு விழுந்திருக்கா சார்?"

பட்டியலை எடுத்தேன். பக்கத்தைத் திருப்பி அவர் பக்கமாகக் காட்டினேன். அப்படிக் காட்டலாமா, கூடாதா என்று கையேட்டில் நான் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்க்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அவருக்குப் படிக்கத் தெரியாது. பெயரின் மேல் என் விரலை வைத்தேன். மேலே இருந்த பெயருக்குக் கோடு, கீழே இருந்த பெயருக்கும் கோடு. நடுவில் அவர் பெயர் மட்டும் வெறுமனே இருந்தது.

"யாரும் போடலைல்ல?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முத்துவேல் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கிட்டீகளாண்ணே. ஏம் பேரு சும்மாத்தான் கெடக்கு. அது போதும் எனக்கு. அடுத்த தடவ வந்து போட்டுக்கிறேன்."

முத்துவேல் தலையைத் தூக்கவில்லை. ராமசாமி போய் எங்கிருந்தோ ஒரு கிளாஸ் டீ வாங்கிக்கொண்டு வந்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். பெட்டிக்கு அரக்கு வைத்து முடிக்கும்வரை காளியம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு அந்த ஊரில் ஓட்டுப் போட ஆசைப்பட்டும் போட முடியாமல் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஸ் தாமதத்தால். இன்னொருவன் தன் கவனக்குறைவால்.

சில வருஷம் கழித்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் தோளைத் தட்டினார். ராமசாமி. அவரே பேச்சை எடுத்தார்.

"இப்பப் பிரிக்கிறதில்ல சார். விட்டுட்டோம்."

"மண்டை ஒடஞ்சுச்சா?"

"எங்க... வாய்ச்சண்டதான். அவுக ஆளு என்னய மொறச்சுப் பாக்குறது, நான் அவுக ஆள மொறச்சுப் பாக்குறது. அப்படியே போயிருது." இன்னொன்றும் சொன்னார். "அந்தக் காளியம்மா இருக்குல்ல, அடுத்த எலெக்சனுக்கு மொத நாளே வந்து படுத்துக்கிருச்சு. காலையில வரிசையில அதுதான் மொத ஆளு. மை வச்ச விரல அன்னைக்குப் பூரா மடக்கவே இல்ல. கரிக்கு மேல மை தெரியாதுன்னு வெள்ளத் துணியச் சுத்தி வச்சுக்கிட்டுத் திரிஞ்சுச்சு."

பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராமசாமி பேரீச்சம்பழக் கடையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேச ஒற்றுமை, தேச ஒற்றுமை என்று இப்போது எந்தச் சானலைத் திருப்பினாலும் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டுவதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். இல்லாத ஆளையும் கேட்காமலே சேர்த்துக்கொண்டு "எல்லாரும் ஓகே" என்று சொல்வது ஒற்றுமையா? பனி கொட்டுகிற மலையடிவாரத்திலும் கரிசல் காட்டிலும் ஒரே விரலில் ஒரே மை வைக்கிறார்கள். அந்த விரலுக்குச் சொந்தக்காரர் வரும்வரை அவர் பெயரை யாரும் தொடாமல் இருப்பது... இவ்வளவு பெரிய நாட்டைச் சேர்த்துக் கட்டியிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். வேறு எந்தக் கயிறும் எனக்குத் தெரியவில்லை.

இப்படியெல்லாம் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு என்மீதே கொஞ்சம் பெருமையாகிவிட்டது. அந்தப் பெருமையோடு லலிதா டீச்சருக்குப் போன் போட்டேன்.

"மொட்டை மாடியைப் பூட்டப் போறாங்களாம். உங்க சம்மதம் கேக்காம உங்க பேருல யாரும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நான் ரிஜிஸ்டரையே வாங்கி வச்சுக்கிட்டேன்" என்றேன். குரலில் பழைய தலைமை அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நன்றி சார். பூட்ட வேண்டாம் சார், நான் வத்தல் காயப்போடுற இடம் அது ஒண்ணுதான்." உடனே இன்னொன்றையும் கேட்டார். "ஒண்ணு கேக்கட்டுமா சார்? போன வருஷம் என் ஸ்கூட்டரை ஷெட்லேருந்து எடுத்து வெளியே வெயில்ல நிறுத்திட்டாங்க. கேட்டா, நீங்களும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேன்னு செயலாளர் சொல்றார். நான் அப்பவும் இங்கதான் மக பிரசவத்துக்கு இருந்தேன். எனக்காக யார் சார் போட்டது? ரிஜிஸ்டர் கையில இருக்குன்னா கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"இதோ பாக்கறேம்மா" என்று உற்சாகமாகப் பக்கத்தைப் புரட்டினேன். போன வருஷத் தீர்மானம். வாகனம் நிறுத்தும் இடம் மாற்றியமைத்தல். ஏகமனதாக நிறைவேறியது. 3-பி-க்கு நேராக ஒரு கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தில் வாலை நீட்டி, கீழே இரண்டு புள்ளி.

முப்பது வருஷமாக மார்க் ஷீட்டுகளில் நான் போட்ட அதே கையெழுத்து.

"சார்... லைன்ல இருக்கீங்களா? பேரு தெரியுதா?"

காளியம்மாளுக்குப் பட்டியலைத் திருப்பிக் காட்டியவன், ரிஜிஸ்டரைப் பட்டென்று மூடினேன்.